சல்லிக்கு விளையாடாத கனவான்: அன்ட்ரூ வொட்சனின் கதை



போன வாரம் அஸருக்குப் பிறகு மைதானத்து ஓரத்தில் ஒரு வாக்குவாதம். எமது ஊர்க் கழகத்தில் ஆடிவரும் ஒரு தம்பி, வேறோர் ஊர் அணிக்கு இரண்டு போட்டி ஆடிக் கொடுத்து அதற்குப் பணம் வாங்கியிருக்கிறார். "சல்லிக்குப் போயிட்டான்" என்றார் ஒருவர். "எங்கட காலத்தில சொந்தச் செலவுலதான் விளையாடினோம். இப்ப உள்ள பொடியன்மாருக்கு விளையாட்டில விருப்பமில்ல, சல்லியிலதான் விருப்பம்" என்றார் இன்னொருவர். அந்தத் தம்பி எதுவும் பேசாமல் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

நாமும் அன்று எதுவும் பேசவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. இதே வாக்குவாதம் 140 வருடங்களுக்கு முன்னர் பிரிட்டனில் உதைபந்தாட்டத்தையே இரண்டாகப் பிளக்கப் பார்த்தது. அந்தக் காலத்தில் ஒரு சதமும் வாங்காமல் ஆடி, தன் நாட்டு அணிக்கே தலைவரான ஒருவரின் கதையைச் சொன்னால், நமது வாக்குவாதத்துக்கும் ஒரு தெளிவு கிடைக்கும் என்று நினைக்கிறோம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

அவர் பெயர் அன்ட்ரூ வொட்சன்.

1856 மே 24ஆம் திகதி, தென் அமெரிக்காவின் வடகரையில் அன்று பிரிட்டிஷ் கயானா என்று அழைக்கப்பட்ட நாட்டில், டெமராரா பகுதியில் பிறந்தார். கடைகளில் மண்ணிறச் சீனியை "டெமராரா சீனி" என்று விற்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அந்த டெமராராதான். கரும்புதான் அந்த மண்ணின் செல்வம். அந்தக் கரும்பை வெட்டியவர்கள் ஆபிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளும்.

பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1834 ஓகஸ்ட் முதலாம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் "பயிலுநர்" என்ற பெயரில் அதே மக்களை அதே தோட்டங்களில் 1838 வரை கட்டிவைத்தார்கள். நட்டஈடாக 2 கோடி பவுண் கொடுத்தார்கள். அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளை வைத்திருந்த எஜமான்களுக்கு! அடிமைகள் விடுதலையானதும் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? 1838இலிருந்து இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். சென்னைத் துறைமுகத்தின் வழியாகத் தமிழர்களும் பின்னர் அங்கு போனார்கள். நமது மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் கால்நடையாகக் கொண்டுவரப்பட்டதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். ஒரே சாம்ராஜ்யம், ஒரே கணக்கு.

அன்ட்ரூவின் தந்தை பீற்றர் மில்லர் வொட்சன், அந்தச் சீனித் தோட்டங்களால் செல்வந்தரான ஸ்கொட்லாந்துக்காரர். தாய் ஹன்னா ரோஸ், ஆபிரிக்க வம்சாவளியில் வந்த உள்ளூர்ப் பெண். இருவருக்கும் இடையில் நடந்தது என்ன என்பதைச் சொல்ல ஹன்னாவுக்கு எவரும் ஒரு தாள் கூடக் கொடுக்கவில்லை. தந்தை பிள்ளைகளை பிரிட்டனுக்குக் கூட்டிச் சென்றார். மகன் அன்ட்ரூவும் சகோதரி அனெட்டாவும் அங்கே வளர்ந்தார்கள்.

பத்து வயதளவில் அன்ட்ரூ இங்கிலாந்தின் ஹலிபக்ஸ் நகரில் ஹீத் கிரமர் பாடசாலையில் சேர்க்கப்பட்டார். பிறகு லண்டனில் கிங்ஸ் கொலேஜ் பாடசாலை. உதைபந்திலும் உயரம் பாய்தலிலும் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தார். 1869இல், அன்ட்ரூவுக்கு 13 வயதாக இருக்கும்போது தந்தை இறந்தார். மகனுக்கு அவர் எழுதிவைத்த பணம் 6,000 பவுண்.

இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் நல்ல கைத்தொழில் தெரிந்த ஒரு தொழிலாளி வருடம் முழுக்க உழைத்தாலும் 100 பவுணைக் காண்பது அரிது. இந்தப் பதிவின் முழுக் கதையும் அந்த 6,000 பவுணைச் சுற்றித்தான் போகிறது.

1875இல் அவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கணிதம், பௌதிகம், பொறியியல் படித்தார். ஒரு வருடத்தில் படிப்பை விட்டுவிட்டார். ஆனால் பந்தை விடவில்லை. முதலில் மக்ஸ்வெல் என்ற சிறிய கழகம். அதன் பிறகு பார்க்குரோவ் கழகம். அங்கே ஆடியது மட்டுமல்ல, போட்டிகளை ஒழுங்குபடுத்தும் செயலாளராகவும் இருந்தார். எந்த அணியுடன் எப்போது, எந்த மைதானத்தில் ஆடுவது என்று கடிதம் எழுதித் தீர்மானிப்பது அவர் பொறுப்பு. உதைபந்து நிர்வாகத்தில் பதவி வகித்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். 1877இல் ஜெஸி ஆர்மர் என்ற கிளாஸ்கோ பெண்ணைத் திருமணம் செய்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள்.

1880இல் குயின்ஸ் பார்க் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. இது சாதாரண விடயமல்ல. 1867இல் தொடங்கப்பட்ட குயின்ஸ் பார்க், அன்று பிரிட்டனிலேயே மிகப் பெரிய கழகங்களில் ஒன்று. 1872 நவம்பர் 30ஆம் திகதி கிளாஸ்கோவில் இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் இடையே உலகின் முதலாவது சர்வதேசப் போட்டி நடந்தபோது, ஸ்கொட்லாந்து அணியில் இறங்கிய பதினொரு பேரும் குயின்ஸ் பார்க் வீரர்களே. "விளையாட்டுக்காகவே விளையாடு" என்ற பொருளில் ஒரு இலத்தீன் வாசகம் அக்கழகத்தின் மகுட வாக்கியம். அதை அவர்கள் பேச்சுக்கு வைத்திருக்கவில்லை. 2019 வரை அந்தக் கழகம் எந்த வீரருக்கும் ஊதியம் கொடுக்கவில்லை.

அன்றைய ஆட்டம் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெனால்டி என்பது கிடையாது. அது 1891இல்தான் வந்தது. வீரர்களில் ஆறு பேர் முன்வரிசை, இரண்டு பேர் நடுவில், இரண்டு பேர் மட்டும் பின்னால், அதற்குப் பின் கோல் காப்பாளர். இங்கிலாந்துக்காரர்கள் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு தனியாளாக வெட்டி வெட்டி ஓடுவதையே வீரம் என்று நினைத்தார்கள். ஸ்கொட்லாந்துக்காரர்கள்தான் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்து ஆடுவதை ஒரு கலையாக வளர்த்தார்கள். இன்று உலகம் முழுக்க ஆடப்படும் ஆட்டத்தின் விதை அது. அந்த ஆட்டத்தில் பின்வரிசையில் நின்ற இரண்டு பேரில் ஒருவர் வொட்சன். ஆறு பேர் பாய்ந்து வரும்போது தடுக்க இரண்டே பேர் என்றால், அந்த இடத்துக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

1881 மார்ச் 12, சனிக்கிழமை. லண்டன் கெனிங்டன் ஓவல் மைதானம். நாம் இன்று கிரிக்கட்டுக்காக அறிந்து வைத்திருக்கும் அதே ஓவல்தான். ஸ்கொட்லாந்து அணிக்கு அன்ட்ரூ வொட்சன் தலைவர். அவருக்கு அதுவே முதலாவது சர்வதேசப் போட்டி. முதல் போட்டியிலேயே தலைமை! முடிவு: இங்கிலாந்து 1, ஸ்கொட்லாந்து 6. சொந்த மண்ணில் இங்கிலாந்து கண்ட மிகப் பெரிய தோல்வி இன்றுவரை அதுதான்.

இரண்டு நாள் கழித்து ரெக்ஸம் நகரில் வேல்ஸுக்கு எதிராக 5-1 வெற்றி. அடுத்த வருடம், 1882 மார்ச் 11ஆம் திகதி, கிளாஸ்கோ ஹம்ப்டன் பார்க்கில் மீண்டும் இங்கிலாந்து. மீண்டும் 5-1. ஆடியது மூன்று சர்வதேசப் போட்டி. மூன்றிலும் வெற்றி. போட்டது 16 கோல், வாங்கியது 3. உலகின் முதலாவது கறுப்பின சர்வதேச உதைபந்து வீரரின் கணக்கு இது.

கழக மட்டத்திலும் அப்படித்தான். 1881இல் குயின்ஸ் பார்க் டம்பார்டன் அணியை வென்று ஸ்கொட்டிஷ் கிண்ணத்தை எடுத்தது. முதல் இறுதிப் போட்டியில் சனம் மைதானத்துக்குள் நெருங்கி வந்துவிட்டது என்று டம்பார்டன் முறைப்பாடு செய்ய, மீண்டும் ஆடச் சொன்னார்கள். மீண்டும் ஆடியும் குயின்ஸ் பார்க்தான் வென்றது. (சனம் கோட்டுக்குள் வருவது எமது ஊருக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல என்பதைக் கவனிக்கவும்!) 1882இலும் 1886இலும் மீண்டும் கிண்ணம். பெரிய சுற்றுப்போட்டி ஒன்றில் கிண்ணம் வென்ற முதலாவது கறுப்பின வீரரும் அவரே.

அக்காலத்து மக்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள்? ஸ்கொட்லாந்து உதைபந்துச் சங்கத்தின் வருடாந்த நூல் அவருடைய வேகத்தையும், எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிக்கும் திறமையையும், பிசகாத உதையையும் புகழ்ந்தது. எந்தப் பிரதிநிதித்துவ அணியிலும் இடம்பெறத் தக்கவர் என்றது. தோலின் நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. போட்டிச் செய்திகளில் அவருடைய தோலை விட, மற்றவர்கள் கறுப்புச் சப்பாத்து போட, அவர் மண்ணிறச் சப்பாத்து போட்டதுதான் பேசப்பட்டது என்று சொல்வார்கள்.

இதை வாசித்துவிட்டு "அந்தக் காலத்து வெள்ளைக்காரர் எவ்வளவு நல்லவர்கள்" என்று முடிவெடுத்துவிட வேண்டாம். அதே சாம்ராஜ்யம் அதே வருடங்களில் கறுப்பு மக்களை எப்படி நடத்தியது என்பது எல்லோருக்கும் தெரியும். வொட்சனுக்கு அந்தக் கதவு திறந்ததற்கு அவருடைய கால்கள் ஒரு காரணம். அவருடைய பாடசாலை, அவருடைய பேச்சு, அவருடைய வங்கிக் கணக்கு ஆகியவை இன்னொரு காரணம். கனவான்களின் கழகத்தில் அவரும் ஒரு கனவானாக இருந்தார். அதே தோல் நிறத்தோடு, அதே திறமையோடு, கிளாஸ்கோ கப்பல் கட்டும் தளத்தில் சுத்தியல் அடிக்கும் ஒருவராக அவர் இருந்திருந்தால் இந்தக் கதை நடந்திருக்குமா?

1882இல் அவர் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அத்தோடு அவருடைய சர்வதேச வாழ்க்கை முடிந்தது. ஸ்கொட்லாந்தில் வசிப்பவர்களை மட்டுமே நாட்டு அணிக்கு எடுப்பது அக்கால வழக்கம். 1896 வரை அதை மாற்றவில்லை. அதே வருடம் மனைவி ஜெஸியும் இறந்துபோனார். இரண்டு சிறு பிள்ளைகளும் கிளாஸ்கோவில் பாட்டன் பாட்டியிடம் வளரப் போனார்கள். வொட்சனுக்கு அப்போது வயது 26.

லண்டனில் ஸ்விஃப்ட்ஸ் என்ற கழகத்துக்கு ஆடி, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ணப் போட்டியில் ஆடிய முதலாவது கறுப்பின வீரரானார். அதன் பிறகு கொரிந்தியன் கழகம் அவரை அழைத்தது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்கொட்லாந்திடம் வருடா வருடம் அடிவாங்கி அலுத்துப்போன இங்கிலாந்துக்காரர்கள், தமது நல்ல அமெச்சூர் வீரர்களை ஒன்றாகச் சேர்த்துப் பழக்குவதற்காக 1882இல் தொடங்கிய கழகம் அது. எந்த வீரரின் தலைமையில் ஸ்கொட்லாந்து அவர்களுக்கு ஆறு கோல் போட்டதோ, அதே வீரரையே கூப்பிட்டு ஆட வைத்தார்கள்! 1884இல் எஃப்.ஏ. கிண்ணத்தைக் கையில் வைத்திருந்த பிளக்பர்ன் ரோவர்ஸ் அணியை கொரிந்தியன் 8-1 என்று வென்றபோது வொட்சனும் அதில் ஆடினார்.

இனி, நாம் தொடங்கிய வாக்குவாதத்துக்கு வருவோம்.

வொட்சன் உச்சத்தில் இருந்த அதே வருடங்களில்தான் இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலைகளும் சுரங்கங்களும் நிறைந்த ஊர்களில் உதைபந்து தீயாய்ப் பரவியது. 1850இன் தொழிற்சாலைச் சட்டம் சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு ஆலை வேலையை நிறுத்தச் சொன்னது. அந்த அரை நாள் ஓய்வில்தான் தொழிலாளி பந்தைத் தொட்டான். ஆனால் வெளியூரில் போட்டி என்றால் காலையிலேயே புகையிரதம் ஏற வேண்டும். அரை நாள் சம்பளம் போய்விடும். கால் முறிந்தால் வாரக் கணக்கில் வீட்டில் அடுப்பு எரியாது. கழகங்கள் இழந்த சம்பளத்தை இரகசியமாக ஈடுசெய்தன. சில கழகங்கள் ஸ்கொட்லாந்திலிருந்து நல்ல வீரர்களை அழைத்து வந்து, பெயருக்கு ஆலையில் ஒரு வேலை கொடுத்து ஆட வைத்தன.

1883 எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியில் பிளக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி, ஈட்டன் பாடசாலையின் பழைய மாணவர் அணியை 2-1 என்று வென்றது. ஒரு பக்கம் நெசவாளர்களும் தொழிலாளர்களும், மறுபக்கம் பிரபுக்களின் பிள்ளைகள். அந்த நாளுக்குப் பிறகு எந்தக் கனவான் அணியும் அந்தக் கிண்ணத்தை வெல்லவில்லை.

உடனே கூச்சல் எழுந்தது. "காசு வாங்கி ஆடுகிறார்கள், விளையாட்டின் புனிதம் கெட்டுவிட்டது" என்றார்கள். 1884இல் பிரெஸ்டன் கழகம் "ஆம், கொடுக்கிறோம்" என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. வடக்கின் கழகங்கள் தனிச் சங்கம் அமைப்போம் என்று மிரட்டிய பிறகு, 1885 ஜூலையில் இங்கிலாந்து உதைபந்துச் சங்கம் ஊதியம் கொடுப்பதை அனுமதித்தது. ஸ்கொட்லாந்து 1893 வரை பிடிவாதமாக இருந்தது.

கூச்சலிட்டவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் உண்மையிலேயே விளையாட்டை நேசித்தார்கள். ஆனால் அவர்கள் ஒரு கேள்வியை மட்டும் கேட்கவேயில்லை. நமது சப்பாத்துக்கும், புகையிரதச் சீட்டுக்கும், ஓய்வு நேரத்துக்கும் காசு எங்கிருந்து வருகிறது? சிலருக்கு நிலத்திலிருந்து. சிலருக்குத் தந்தையின் ஆலையிலிருந்து. வொட்சனுக்குச் சீனியிலிருந்து. தாயின் இனத்து மக்கள் சவுக்கடி வாங்கி வளர்த்த கரும்பின் காசு சுற்றிச் சுற்றி வந்து, மகனுக்கு "காசுக்காக ஆடாதவர்" என்ற பட்டத்தை வாங்கிக் கொடுத்தது. இதில் வொட்சன் மீது ஒரு குற்றமும் இல்லை. 13 வயதுப் பிள்ளைக்கு வந்த வாப்பாவின் சொத்து அது. ஆனால் அவர் இலவசமாக ஆடினார் என்று சொல்லும்போது, அதற்கான செலவை எவரோ ஏற்கனவே கட்டிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இவரோடு இன்னொருவரை வைத்துப் பாருங்கள். ஆதர் வார்ட்டன். இன்றைய கானாவில் 1865இல் பிறந்தவர். 1886இல் 100 யார் தூரத்தை 10 செக்கனில் ஓடிச் சாதனை படைத்தவர். கோல் காப்பாளர். உலகின் முதலாவது கறுப்பினத் தொழில்முறை உதைபந்து வீரர் என்று பெயர் பெற்றவர். அவர் கூலி வாங்கி ஆடினார். ஆட்டம் முடிந்த பின் நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி வேலை செய்தார். 1930இல் ஏழையாக இறந்தார். 1997 வரை அவருடைய கப்ரின் மேல் பெயர் எழுதிய ஒரு கல் கூட இருக்கவில்லை. விளையாட்டை அதிகம் நேசித்தவர் யார், வொட்சனா வார்ட்டனா? யாரால் பதில் சொல்ல முடியும்?

வொட்சனின் செல்வமும் என்றென்றைக்கும் இருந்துவிடவில்லை. 1887இல் மறுமணம் செய்தார். லிவர்பூல் பக்கம் போய் பூட்டில் கழகத்துக்கு ஆடினார். பிறகு பரீட்சை எழுதிக் கப்பல் பொறியியலாளரானார். இங்கிலாந்தை ஆறு கோலால் வென்ற அணித் தலைவர், தன் பிற்காலத்தில் பல வருடங்களைக் கப்பலின் இயந்திர அறை வெக்கையில் உழைத்துக் கழித்தார். ஓய்வுபெற்று லண்டனின் கியூ பகுதியில் குடியேறி, 1921 மார்ச் 8ஆம் திகதி நிமோனியாவால் இறந்தார். ரிச்மண்ட் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அதற்குப் பிறகு உலகம் அவரை மறந்தது. இங்கிலாந்து அணிக்கு ஒரு கறுப்பின வீரர் ஆட 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விவ் அன்டர்சன் களமிறங்கியபோது அது ஒரு புதிய வரலாறு என்றார்கள். ஸ்கொட்லாந்து அணியில் இன்னொரு கறுப்பின வீரர், நைஜல் குவாஷி, ஆடியது 2004இல்தான். வொட்சனுக்கும் அவருக்கும் இடையில் 122 வருடங்கள். முதலாவது கறுப்பின வீரர் வார்ட்டன்தான் என்று நீண்ட காலம் புத்தகங்களில் எழுதினார்கள். வொட்சன் அவுஸ்திரேலியாவில் இறந்தார் என்று கூட நம்பினார்கள். ஸ்கொட்லாந்து வரலாற்றாய்வாளர் அன்டி மிச்சல் ஆவணங்களைத் தோண்டித் துருவிய பிறகுதான் அவருடைய கப்ர் லண்டனில் இருப்பது தெரியவந்தது. பாழடைந்து கிடந்த அதனை அண்மையில் திருத்தியமைத்தார்கள்.

அவரை மீட்டுத் தந்தவை எவை என்று பாருங்கள். பாடசாலைச் சேர்வு இடாப்பு. சனத்தொகைக் கணக்கெடுப்புத் தாள். ஒரு மரண சாசனம். ஒரு திருமணப் பதிவு. கழகத்தின் போட்டிக் குறிப்பு. ஓர் அணிப் புகைப்படம். எவரோ ஓர் எழுதுவினைஞர் கடமைக்காக எழுதி வைத்த வரிகள் ஒரு மனிதனை நூறு வருடங்களுக்குப் பிறகு எழுப்பி நிறுத்தின.

எனவே, உறவுகளே, நாம் சொல்ல வருவது இவ்வளவுதான்.

சொந்தச் செலவில் ஆடிய எமது மூத்தவர்களின் தியாகத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் இந்த மைதானமே இல்லை. ஆனால் காசு வாங்கி ஆடப் போன தம்பியைப் பார்த்து "இவனுக்கு விளையாட்டில விருப்பமில்ல" என்று சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்போம். அவனுடைய சப்பாத்து யார் வாங்கியது? அவன் விளையாடும் அந்தப் பின்னேரத்தில் அவனுடைய வீட்டுக்கு யார் உழைக்கிறார்கள்? வறுமையால் கூலி கேட்பவனுக்கு ஆசை குறைவு என்று எந்தத் தராசும் சொல்லவில்லை. அவனை ஊர் அணியிலேயே வைத்திருக்க வேண்டுமென்றால், கழகப் பெட்டியிலிருந்து அவனுடைய பயணச் செலவையும் சப்பாத்தையும் பொறுப்பெடுப்போம். முடியாவிட்டால் குறைந்தது வாயையாவது காப்போம்.

இரண்டாவது, கழகத்துக்கு ஒரு கொப்பி வாங்குவோம். யார் ஆடினார்கள், எந்தத் திகதி, யாரோடு, எத்தனை கோல் என்று எழுதி வைப்போம். ஐம்பது வருடத்துக்கு முன்னர் எமது ஊருக்கு ஆடியவர்களின் பெயர்களைக் கேட்டால் இன்று நாலைந்து மூத்தவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் போய்விடும். இந்தத் தவணை விடுமுறையில் ஒன்பதாம், பத்தாம் தர மாணவர்களைக் கொண்டு அந்த மூத்தவர்களிடம் கேட்டு எழுதத் தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ். பழைய அணிப் படம் யாரிடமாவது இருந்தால் தந்து உதவுங்கள். பிரதி எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

அந்தத் தம்பியின் பெயரையும் அந்தக் கொப்பியில் எழுதுவோம்.